நாசிக் கும்பமேளா 2027: பேருந்து எங்கே நிற்கும்?

நாசிக் – திரியம்பகேஷ்வர் கும்பமேளாவின் முக்கியக் குளியல் நாட்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன: 2027 ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 31, பிறகு நாசிக்கில் செப்டம்பர் 11, திரியம்பகேஷ்வரில் செப்டம்பர் 12. நாள் தெரிந்துவிட்டால் கோயில் கமிட்டி, பஜனை மண்டலி, குடியிருப்போர் சங்கம் என்று ஆளாளுக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். குழப்பமும் அங்கேயே ஆரம்பிக்கும். ஒருவர் "பஸ் நேரா ஆத்தங்கரைக்கே போயிடும்" என்பார். 2025இல் பிரயாக்ராஜ் போய் வந்தவர் "15 கிலோமீட்டர் நடந்தோம்" என்பார். இன்னொருவர் "அப்படி என்ன பெரிய கூட்டம்? நாங்க ஆட்டோவுலதான் போனோம்" என்பார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் போன நாள் வேறு. கும்பமேளாவுக்குக் குழுவாகப் போவதில் போக்குவரத்துத் திட்டம் என்பது வாகனத்தைப் பற்றியதே அல்ல; நாளையும், கடைசி பத்து கிலோமீட்டரையும், திரும்பும் வழியையும் பற்றியது. சென்னையிலிருந்து நாசிக் வரையிலான சுமார் 1,400 கிலோமீட்டரைப் பணம் கொடுத்தால் எவரும் கடந்துவிடலாம்.

## அடிப்படை: எங்கே, எப்போது, ஏன்

கும்பமேளா நடப்பது நான்கு ஊர்களில்: பிரயாக்ராஜ், ஹரித்துவார், உஜ்ஜயினி, நாசிக் – திரியம்பகேஷ்வர். குரு எந்த ராசியில் இருக்கிறது என்பதை வைத்து ஊரும் ஆண்டும் முடிவாகின்றன. குரு சூரியனைச் சுற்றிவர 12 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். அதனால்தான் 2010க்குப் பிறகு ஹரித்துவார் கும்பமேளா 11 ஆண்டிலேயே, 2021இல் வந்தது. குரு சிம்மத்தில் இருக்கும்போது வருவதால் நாசிக், உஜ்ஜயினி மேளாக்களுக்குச் 'சிம்ஹஸ்தம்' என்று பெயர். நம் கும்பகோணம் மகாமகத்துக்கும் அதே சிம்ம குருதான் கணக்கு. ஆகவே 2027இல் நாசிக், 2028இல் மகாமகமும் உஜ்ஜயினியும் என்று வரிசையாக வருகின்றன.

செய்திகளில் அடிக்கடி வரும் சில சொற்கள்:

1. அமிர்த ஸ்நானம். சாதுக்களின் அகாடாக்கள் (துறவிக் குழுக்கள்) ஊர்வலமாக வந்து நீராடும் நாள். முன்பு 'ஷாஹி ஸ்நானம்' என்பார்கள். அன்றைக்கு முக்கியப் படித்துறையில் அகாடாக்களுக்குத்தான் முதல் உரிமை. பொதுமக்களை வேறு துறைகளுக்குத் திருப்புவார்கள்.

2. வெளி பார்க்கிங், உள் பார்க்கிங். வெளியூர் வண்டிகள் ஊருக்கு வெளியே, வரும் திசையைப் பொறுத்து நிறுத்தப்படும் மைதானம் வெளி பார்க்கிங். அங்கிருந்து அரசுப் பேருந்துகள் உள் பார்க்கிங் வரை கொண்டு விடும். அதற்கப்புறம் நடைதான். 2015 நாசிக் மேளாவில் இந்த ஏற்பாடுதான் இருந்தது.

3. காத்திருப்பு வளாகம். ரயில் நிலையத்துக்கு வெளியே, போகவேண்டிய திசைவாரியாகப் பயணிகளைப் பிரித்து உட்காரவைக்கும் பெரிய பந்தல். ரயில் வந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

நாசிக்கில் குளிக்கும் இடம் ஒன்றல்ல, இரண்டு. வைணவ அகாடாக்கள் நாசிக் பஞ்சவடியில் உள்ள ராம்குண்டில் நீராடுகின்றன. சைவ அகாடாக்கள் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள திரியம்பகேஷ்வரின் குஷாவர்த்தக் குளத்தில். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சாதாரண நாளில் போய் வந்தவர்கள் சொல்வார்கள். மேளா நாளில் அது நடக்காது.

## நாளைப் பாருங்கள், அப்புறம் வண்டியைப் பாருங்கள்

2025 பிரயாக்ராஜ் மேளாவில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜனவரி 29, மௌனி அமாவாசை என்ற முக்கியக் குளியல் நாளன்று அதிகாலையில் சங்கமத்தில் ஏற்பட்ட நெரிசலில் 30 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் பிப்ரவரி 9, 10 தேதிகளில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி, மைஹர், ரீவா பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றன. போலீசார் வழியிலேயே மறித்து, திரும்பிப் போகச் சொன்னார்கள். நாக்பூர், ஜபல்பூர் வழியாகத் தமிழ்நாட்டு வண்டிகள் போகும் அதே சாலை அது. பிப்ரவரி 15 இரவு புது டெல்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் இறந்தார்கள்.

பிப்ரவரி 9ஆம் தேதியோ 15ஆம் தேதியோ முக்கியக் குளியல் நாளே அல்ல. ஒன்று ஞாயிறு, மற்றது சனி. 'விசேஷ நாளைத் தவிர்த்துவிட்டோம்' என்று கிளம்பியவர்கள் எல்லோரும் வார இறுதியில் ஒன்றாக வந்து சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

இதே கண்ணோடு 2027 நாட்காட்டியைப் பார்த்தால்:

1. ஆகஸ்ட் 2 திங்கள். முந்தைய நாள் ஞாயிறு. நமக்கு அன்று ஆடி அமாவாசை. போதாக்குறைக்கு அன்று சூரிய கிரகணமும். எகிப்து பக்கம் முழுதாகவும், மாலையில் நம் நாட்டின் மேற்குப் பகுதியில் பகுதியாகவும் தெரியும். கிரகணம் விட்டதும் குளிப்பவர்கள் காலைக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்கள்.

2. ஆகஸ்ட் 31 செவ்வாய். முதல் நாள் திங்கள்கிழமை, மகாராஷ்டிரக் கணக்கில் சிராவண மாதத் திங்கள். சிராவணத் திங்கள் என்றால் மேளா இல்லாத ஆண்டிலேயே திரியம்பகேஷ்வரில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த மாதத்துத் திங்கள்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

3. செப்டம்பர் 11, 12 சனி, ஞாயிறு. செப்டம்பர் 4 விநாயக சதுர்த்தி. மும்பை, புனே சாலைகளில் கணபதி விழா நெரிசல் நடந்துகொண்டிருக்கும் நேரம்.

4. ஆகஸ்ட் 15 ஞாயிறு, 16 சிராவணத் திங்கள், 17 பௌர்ணமி, ரக்ஷாபந்தன். மூன்றும் தொடர்ச்சி.

மிச்சம் என்ன இருக்கிறது? ஆகஸ்ட் 10, 11, 12 போன்ற வார நடுநாட்கள். 40 பேருக்கு மேல் உள்ள, அதிலும் பாதிப்பேர் அறுபதைத் தாண்டிய குழுவுக்கு இந்த நாட்களைத்தான் நான் பரிந்துரைப்பேன். அமிர்த ஸ்நான நாளில்தான் புண்ணியம் என்று நம்புகிறவர்களோடு சாஸ்திரம் பேச நான் வரவில்லை. ஆனால் அந்த நாளில் குழுவாகப் போவதற்குத் தேவைப்படும் உடல்பலம் வேறு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

## பேருந்து ஏன் படித்துறைக்குப் போக முடியாது

இதற்குப் போலீஸ் கெடுபிடி காரணமல்ல, வெறும் கணக்குதான் காரணம். ஒரு பெரிய பேருந்தின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். முன்னும் பின்னும் இடைவெளிக்கு 3 மீட்டர் சேருங்கள். ஆயிரம் பேருந்து வரிசையாக நின்றால் 15 கிலோமீட்டர். அதில் வந்தவர்கள் மொத்தம் 45,000 பேர். ஒரு மேளா நாளில் வரும் கூட்டத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது.

ரயிலும் அப்படியே. 2025இல் 45 நாளில் 66 கோடிப் பேர் வந்ததாக உத்தரப் பிரதேச அரசு சொன்னது. அதை எப்படி எண்ணினார்கள் என்ற விவாதம் தனி. அந்த எண்ணையே எடுத்துக்கொண்டால் சராசரி நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி. ஒரு ரயிலுக்கு 1,500 பேர் என்றால் தினம் 10,000 ரயில் வேண்டும். இந்தியா முழுவதும் ஒரு நாளில் ஓடும் பயணிகள் ரயில்களே 13,000 சொச்சம்தான்.

ஆகவே நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்றுதான்: வண்டிகளை வெளியே நிறுத்தி, ஆட்களை நடக்கவைத்து, போகும் வழியையும் வரும் வழியையும் பிரிப்பது. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி நகர ஆரம்பிக்கும். தனி ஆளின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. 2003 ஆகஸ்டில் நாசிக்கில் 39 பேர் இறந்தது ஒரு குறுகலான தெருவில் ஏற்பட்ட இப்படிப்பட்ட நெரிசலில்தான். தடுப்புக்கட்டைகளைப் பார்த்து எரிச்சல்படுவது இயல்பு. அவை எதற்கு என்று தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் பிரிப்பது திசையை வைத்து. பெங்களூர், புனே வழியாகப் போகும் தமிழ்நாட்டு வண்டி சங்கம்னேர், சின்னர் கடந்து நாசிக்கின் தென்கிழக்கில் நுழையும். நாசிக் ரோடு ரயில் நிலையமும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ராம்குண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். திரியம்பகேஷ்வர் சாலையோ ஊரின் மேற்கே. சின்னர் பக்கம் இறங்கிய குழு திரியம்பகேஷ்வர் போகவேண்டுமென்றால் நகரத்தையே தாண்ட வேண்டும். தங்குமிடம் பார்க்கும்போது இதை மறந்துவிட்டு, விலை குறைவு என்று தப்பான பக்கத்தில் அறை போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

## ரயிலா, பேருந்தா?

ரயில். திரியம்பகேஷ்வரில் ரயில் நிலையம் கிடையாது. நாசிக் ரோடு மும்பை – மன்மாட் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து புனே வழியாக மும்பை போகும் ரயிலில் கல்யாணில் இறங்கி மாறலாம். அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் பூசாவலில் இறங்கியும் மாறலாம்.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்பு இருந்த 120 நாள் இப்போது இல்லை. அதாவது ஆகஸ்ட் 10 பயணத்துக்கு ஜூன் 11 வாக்கில்தான் டிக்கெட் எடுக்க முடியும். ஜனவரியிலேயே 'ரயில் டிக்கெட் கன்ஃபர்ம்' என்று சொல்லிப் பணம் வாங்குபவரிடம், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். ஒரே ஒரு நியாயமான பதில் இருக்க முடியும்: முழுப் பெட்டி அல்லது முழு ரயிலை வாடகைக்கு எடுப்பது. ஐஆர்சிடிசி வழியாக ஆறு மாதம் முன்பிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம். பெட்டி ஒன்றுக்கு 50,000 ரூபாய் பதிவுத்தொகை, அதன் மேல் கட்டணமும் சேவைக் கட்டணமும். 60, 70 பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள் மற்றொரு வழி. அந்தத் திட்டத்தின் முதல் ரயிலே 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்குத்தான் போனது. அதில் போனால் உள்ளூர் வண்டி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, நேரமும் அவர்களுடையதுதான்.

சாதாரண முன்பதிவில் போவதற்கு ஒரு யோசனை. ஒரு பிஎன்ஆரில் (ஒரு டிக்கெட்டின் முன்பதிவு எண்) ஆறு பேருக்கு மேல் போட முடியாது. இதை இடைஞ்சலாக நினைக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள்: ஒரு பிஎன்ஆர், ஒரு சிறுகுழு, ஒரு பொறுப்பாளர். 42 பேர் என்றால் ஏழு சிறுகுழு. ரயிலில் சேர்ந்திருக்கும் அதே ஆறு பேர்தான் நடக்கும்போதும் குளிக்கும்போதும் சேர்ந்திருக்க வேண்டும்.

பேருந்து. வாடகைக்குப் பேசும் பேருந்து சட்டத்தில் 'ஒப்பந்த ஊர்தி'. வழியில் ஆள் ஏற்றி இறக்க அதற்கு உரிமை கிடையாது. கவனிக்க வேண்டியவை:

1. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை (சொந்த உபயோகத்துக்கானது) வாடகைக்கு எடுத்தால் வழியில் பிடிபடுவது மட்டுமல்ல, விபத்தானால் இன்சூரன்ஸும் சிக்கல்.

2. இந்த பெர்மிட்டில் ஓடும் வண்டியில் பயணிகள் பட்டியல் எப்போதும் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் பட்டியலையும் மாற்றுங்கள்.

3. பெர்மிட் கட்டணம் கட்டியபின் மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி வேண்டாம் என்பது மத்திய விதி. ஆனாலும் மாநிலங்களுக்குள் இதில் தகராறு வருவதுண்டு. 'வழியில் எந்த வரி வந்தாலும் யார் கட்டுவது' என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

4. இரண்டு டிரைவர். 1,400 கிலோமீட்டரை மணிக்கு 50 என்று சராசரி வைத்தால் 28 மணி நேரம். தொழிலாளர் சட்டக் கணக்கில் ஒரு டிரைவருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலைதான். இருவர் இருந்தாலும் வழியில் ஒரு ராத்தங்கல் தேவை. 'ஒரே ஓட்டமா ஓட்டிடுவோம்' என்பவரை விட்டுவிடுங்கள்.

என் கணிப்பில் தமிழ்நாட்டிலிருந்து போகும் நடுத்தரக் குழுவுக்கு நல்லது கலப்பு வழிதான்: கல்யாண் அல்லது பூசாவல் வரை ரயில், அங்கிருந்து மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டி. டிரைவருக்கு மராத்தி தெரியும். எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பது அவருக்கு போனிலேயே வந்துவிடும்.

## கடைசிப் பத்து கிலோமீட்டர்

வெளி பார்க்கிங்கில் இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, பேருந்தைப் படம் எடுப்பது. நம்பர் பிளேட், மைதானத்தின் பெயர்ப்பலகை, பக்கத்திலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், இந்த மூன்றும் படத்தில் விழ வேண்டும். குளித்துவிட்டு வரும்போது ஆயிரம் வெள்ளைப் பேருந்துகளுக்கு நடுவே நம்முடையது எது என்று தேடுவது, படித்துறையைத் தேடுவதை விடக் கஷ்டம். பிரயாக்ராஜில் மின்கம்பங்களுக்கே எண்ணும் க்யூஆர் குறியீடும் ஒட்டியிருந்தார்கள். தொலைந்தவர் 'இந்தக் கம்பத்துக்குக் கீழே நிற்கிறேன்' என்று சொல்ல முடிந்தது. பெரிய கூட்டத்தில் செல்போன் சிக்னல் நம்ப முடியாதது. ஆகவே பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பது இறங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை. தமிழில் மட்டும் எழுதினால் பயனில்லை. பெயர், ஊர், பொறுப்பாளர் போன் எண், பார்க்கிங் பெயர் எல்லாம் மராத்தியிலோ இந்தியிலோ இருக்கட்டும். போன் எண்ணை இருவருடையதாகப் போடுங்கள், ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். வட இந்திய மேளாக்களில் காணாமல் போனவர்களுக்கான மையத்தைக் 'கோயா பாயா கேந்திரம்' என்பார்கள். அந்தப் பெயரைக் குழுவில் எல்லோரும் மனப்பாடம் செய்துவைப்பது நல்லது.

நடைவேகம் குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான். கூட்டத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வையுங்கள். உள் பார்க்கிங்கிலிருந்து 4 கிலோமீட்டர் என்றால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி.

நாசிக்குக்கே உரிய இன்னொரு விஷயம், அது மழைக்காலம். மேலே கங்காபூர் அணையில் தண்ணீர் திறந்தால் ராம்குண்டு மூழ்கும். படித்துறை அருகே 'துதோண்ட்யா மாருதி' என்ற உயரமான அனுமன் சிலை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அதுதான் வெள்ள அளவுகோல்: தண்ணீர் முழங்காலா, இடுப்பா, மார்பா என்று சிலையைப் பார்த்தே சொல்வார்கள். அணை திறந்தால் குளியலை வேறிடத்துக்கு மாற்றுவார்கள், அல்லது நிறுத்துவார்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாள் உபரி இருக்கவேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

## திரும்பும் வழி

2013 பிப்ரவரி 10, மௌனி அமாவாசை. அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) ரயில் நிலைய நெரிசலில் குறைந்தது 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குளித்துவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்தவர்கள். படித்துறைக்குக் கூட்டம் இரவு முழுக்கச் சிறிது சிறிதாக வருகிறது. திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்துக்கு வருகிறார்கள். அதனால் வரும்போதை விடப் போகும்போதுதான் அழுத்தம் அதிகம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குக் குளியல். உடை மாற்றி, தலை எண்ணி முடிக்க 7.30. நடை இரண்டு மணி நேரம், 9.30. உள் பார்க்கிங்கில் அரசுப் பேருந்துக்கு வரிசை, வெளி பார்க்கிங் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். சாப்பாடு, தாமதமானவருக்குக் காத்திருப்பு. வண்டி கிளம்பும்போது மதியம் ஒன்று, இரண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இப்படி. ஆகவே அன்று மாலை ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள். ஒரு ராத்திரி சின்னரிலோ ஷீரடியிலோ தங்கி, மறுநாள் கிளம்புங்கள்.

அதோடு, மேளா நிலையத்திலேயே ஏற வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 2025இல் கையில் உறுதியான டிக்கெட் இருந்தும் பெட்டிக்குள் நுழைய முடியாமல் நின்றவர்கள் ஏராளம். சாலைவழி கொஞ்சம் விலகிப் போய், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சந்திப்பில் ஏறினால், கூட்டம் வந்து ஏறுவதற்கு முன்பே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது கூட்டமே இல்லாத வேறு பாதையில் இருப்பீர்கள்.

## பணம் கொடுக்குமுன்

டிராவல்ஸ்காரரிடம் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். மேளாவில் செலவு ஏறுவது இவற்றால் அல்ல, வெயிட்டிங் சார்ஜால். சாலை மூடினால் வண்டி 12 மணி நேரம் நிற்கும். அந்த நேரத்துக்கு யார் பணம் தருவது? வழியிலேயே திருப்பி அனுப்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "பேருந்து எங்கே நிற்கும்?" வெளி பார்க்கிங், அங்கிருந்து அரசு பஸ், அப்புறம் இத்தனை கிலோமீட்டர் நடை என்று சொல்பவர் மேளாவுக்குப் போய் வந்தவர். "படித்துறைக்கே போகும்" என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.